கதவைத் தட்டும் பண்டிகைகள்

அக்டோபர் 31 ஆம் நாள் மாலையில் பேயாகவும் சூனியக்காரியாகவும் எலும்புக்கூடாகவும் வேடமிட்ட சிறுவர்கள் வீடு வீடாகச் சென்று மிட்டாய் கேட்கும் ஹாலோவீன் வழக்கம், மும்பையில் பாந்திரா, பவாய் போன்ற வசதியான பகுதிகளோடு மட்டும் சேர்த்துப் பேசப்பட்ட காலம் போய், செம்பூரின் சொசைட்டிகளிலும் சுனாபட்டியின் புதிய உயரக் கட்டடங்களிலும் காதில் விழும் பேச்சாகி வருகிறது. சொசைட்டி என்பது ஒரு கட்டடத்தின் வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்கு மும்பையில் வழங்கும் பெயர். இந்த வழக்கத்தைப் பற்றி அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் நிலவும் மனநிலை ஒரே தன்மையுடையதன்று; பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காக ஒரு பெட்டி சாக்லேட் வாங்கி வைப்பவரே, நம் வீட்டு வாசலில் பேய்வேடம் எதற்கு என்று முணுமுணுப்பவராகவும், மணி மூன்றாம் முறை அடிக்கும்போது கதவைத் திறக்காமலே இருந்துவிட எண்ணுபவராகவும் இருக்கிறார். இந்தத் தயக்கத்தை அயல்நாட்டு வழக்கத்தின் மீதான வெறுப்பு என்று சொல்லி முடித்துவிட முடியாது. ஏனெனில் வேடமிட்டும் பாடியும் ஆடியும் வாசலில் வந்து நின்று கேட்பவர்கள் இந்நகரத்துக்குப் புதியவர்கள் அல்லர். ஏதேனும் ஒரு பண்டிகையின் பெயரால் யாரேனும் மும்பையின் கதவுகளைத் தட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். அவர்களுள் சிலர் விருந்தினராகவும் சிலர் தொல்லையாகவும் தோன்றுவதேன் என்று பார்த்தால், காரணம் கேட்பவரின் வேடத்திலோ கேட்கும் தொகையிலோ இருப்பதைவிட, கொடுக்க விரும்பாதவர் தாமும் நோகாமல் பிறரையும் நோகடிக்காமல் மறுப்பதற்கு அந்த வழக்கம் இடம் வைத்திருக்கிறதா என்பதிலேயே பெரிதும் இருக்கிறது.

ஹாலோவீனின் வரலாறே இதற்கு ஒரு சான்று. கிறிஸ்தவ நாட்காட்டியில் நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள். அதற்கு அடுத்த நாள் இறந்தோர் அனைவரையும் நினைவுகூரும் நாள், அதைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் என்று வழங்கி, உறவினரின் கல்லறைகளைத் துப்புரவு செய்து மெழுகுவர்த்தி ஏற்றுகின்றனர். புனிதர் திருநாளுக்கு முந்தைய இரவே ஹாலோவீன். எட்டாம் நூற்றாண்டில் போப் மூன்றாம் கிரகோரி ரோமில் நவம்பர் 1 ஐப் புனிதர்களுக்கு உரியதாக்கியதும், 835 இல் நான்காம் கிரகோரியின் காலத்தில் அது மேலும் பரவியதும், அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அறுவடை முடிந்து குளிர்காலம் பிறக்கும் எல்லையில் கொண்டாடப்பட்ட சவின் என்னும் பழைய கெல்டிக் விழாவின் நம்பிக்கைகள் அதனோடு கலந்ததும் பலரும் எழுதியுள்ள செய்திகள். வாசலைப் பற்றிய செய்தி அதற்குப் பின்னரே வருகிறது. இங்கிலாந்தில் இத்திருநாட்களில் ஏழைகள் வீடுதோறும் சென்று, அவ்வீட்டில் இறந்தவர்களின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்லி, அதற்கு ஈடாகச் சிறு அப்பங்களைப் பெற்றனர். ஸ்காட்லாந்தில் வேடமிட்டு வந்த பிள்ளைகள் ஒரு பாட்டையோ கதையையோ வேடிக்கையையோ நடத்திக் காட்டிய பிறகே பழமோ கொட்டையோ காசோ பெற்றனர். போர்ச்சுகலில் நவம்பர் 1 காலையில் சிறுவர்கள் ரொட்டி கேட்டு வீடு வீடாகச் செல்லும் வழக்கமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இவற்றில் வருபவர் வேண்டுதலையோ பாட்டையோ தருகிறார், வீட்டார் உணவு தருகிறார். மிரட்டலுக்கு இங்கே வேலையில்லை.

மிரட்டல் அமெரிக்காவில் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்து, ஸ்காட்லாந்துக் குடியேறிகளோடு அங்கு சென்ற ஹாலோவீன், வாயிற்கதவைக் கழற்றி ஒளித்துவைப்பதும் வண்டியைக் கூரைமேல் ஏற்றிவைப்பதுமான இளைஞர்களின் குறும்பு இரவாக இருந்து, நகரங்கள் பெருகியபோது கண்ணாடி உடைப்பாகவும் தீவைப்பாகவும் முற்றியது. 1920 களிலும் 1930 களிலும் ஊர்க் குழுக்களும் பெற்றோரும் இக்குறும்பைத் தணிப்பதற்காகப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கொடுத்து அனுப்பும் ஏற்பாட்டைச் செய்ததையும், தராவிட்டால் குறும்பு செய்வோம் என்னும் வாசகம் அப்போது நாடெங்கும் பரவியதையும் நிக்கோலஸ் ராஜர்ஸ் போன்ற வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியுள்ளனர். இரண்டாம் உலகப் போரின் சர்க்கரைப் பங்கீடு 1947 இல் முடிவுக்கு வந்தபின் மிட்டாய் நிறுவனங்களின் விளம்பரத்தோடு அது குழந்தைகளின் பண்டிகையாக உறுதிப்பட்டது. 1950 முதல் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃபுக்காகச் சில்லறை திரட்டும் பெட்டிகளும் சில பிள்ளைகளின் கையில் ஏறின. சுருங்கச் சொன்னால், அடாவடி இளைஞர்களுக்கு ஊர் கொடுத்த சமாதானப் பணமே மிட்டாயாக இளகியது. அந்த இளக்கத்தோடு மறுப்பதற்கான ஓர் அடையாளமும் தானாக வளர்ந்தது: வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் வரக்கூடாது. இவ்வளவு எளிய விதியை எல்லாச் சிறுவர்களும் கடைப்பிடிப்பதில்லை என்பதால், பிரிட்டனில் தனியாக வாழும் முதியவர்கள் கதவில் ஒட்டிக்கொள்வதற்கென்றே, இவ்வீட்டுக்கு வரவேண்டாம் என்று பணிவாகக் கேட்கும் சுவரொட்டிகளைக் காவல்துறையினர் அச்சிட்டுத் தருகின்றனர்.

அச்சம் மறுபக்கத்திலும் உண்டு. அந்நியர் கொடுக்கும் மிட்டாயில் நஞ்சும் சவரத்தகடும் இருக்கும் என்ற நம்பிக்கை அமெரிக்கப் பெற்றோரைப் பல பத்தாண்டுகளாக ஆட்டிவைத்தது. சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதலான பத்திரிகைச் செய்திகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் ஹாலோவீன் மிட்டாயில் நஞ்சு வைத்து ஒரு குழந்தையைக் கொன்றதாக உறுதிப்பட்ட நிகழ்வு ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974 இல் டெக்சாஸ் மாநிலத்தில் சயனைடு கலந்த மிட்டாயால் இறந்த சிறுவனுக்கு அதைக் கொடுத்தவர், காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட அவனுடைய தந்தையே. வாசலுக்கு வெளியே இருப்பதாக எண்ணப்பட்ட ஆபத்து வாசலுக்கு உள்ளேயே இருந்தது.

சுனாபட்டியின் வாசல்கள் வேறு விதமாக வளர்ந்தவை. அதை அடுத்த குர்லாவில் நலிந்து கிடந்த ஒரு பஞ்சாலையை 1886 இல் ஜம்ஷெட்ஜி டாட்டா வாங்கிச் சுதேசி மில் என்று பெயரிட்டு நடத்தத் தொடங்கிய பிறகு, துறைமுக ரயில்பாதையை ஒட்டிய இப்பகுதியில் மில் தொழிலாளர் குடியிருப்புகள் பெருகின. கொங்கணத்திலிருந்து வந்த மராட்டியத் தொழிலாளர்களும், அருகில் சயானுக்கு அப்பால் தாராவியில் தோல் பதனிடும் தொழிலை ஒட்டிக் குடியேறிய திருநெல்வேலிச் சீமைத் தமிழர்களும், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அலுவலக வேலைக்கு வந்து தங்கிய தஞ்சாவூர், பாலக்காட்டுக் குடும்பங்களும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும் வட்டாரங்களில் வாழ்ந்தனர். தொழிலாளர்கள் பெரும்பாலும் வாழ்ந்தது சால் எனப்படும் கட்டடங்களில். நீண்ட பொதுத் தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக ஒற்றை அறைகள் அமைந்திருக்கும் இவ்வகைக் கட்டடத்தில் பகல் முழுவதும் கதவுகள் திறந்தே கிடக்கும். எனவே அங்கு வருபவர் கதவைத் தட்ட வேண்டிய தேவையே இல்லை. அவருடைய ஓசை முன்னே வரும், ஆள் பின்னே வருவார்: மயில்தோகைக் கூம்புத் தொப்பி அணிந்து விடியற்காலையில் பாடிவரும் வாசுதேவருக்குத் தாளம், அலங்கரித்த காளையோடு வரும் நந்திக்காரருக்கு மேளம், தென்னாட்டு மாரியம்மனோடு உறவுடைய மரியாயி என்னும் அம்மனின் பெயரால் தம்மைத் தாமே அடித்துக்கொள்ளும் போத்ராஜுக்குச் சாட்டை. தமிழ்நாட்டுத் தெருக்களின் குடுகுடுப்பைக்காரரும் பூம்பூம் மாட்டுக்காரரும் சாட்டையடிக்காரரும் இவர்களுடைய நேர் இணைகளே. நாலு அறைகளுக்கு அப்பாலேயே ஓசை கேட்டுவிடுவதால், வீட்டில் இருப்பவர் சில்லறையைத் தேடவோ, அரிசி அள்ளவோ, மெதுவாக உள்ளே போய்விடவோ அவகாசம் கிடைத்தது. மின்மணியோ எவ்வித முன்னறிவிப்பும் இன்றி ஒரு மனிதரைக் கதவுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. வேண்டாதவர் வந்துவிட்டார் என்ற எரிச்சலில் ஒரு பாதி, மணியைக் கண்டுபிடித்தவரைச் சேர வேண்டியது.

இவ்வகையாக வந்தவர்கள் தம்மைப் பிச்சைக்காரர்களாகக் கருதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மராட்டியக் கிராமத்தில் தச்சர், குயவர், நாவிதர் முதலியோர் தம் பணிக்கு ஈடாக விளைச்சலில் ஒரு பங்கைப் பெற்ற பலுதா முறையின் ஓரத்தில், பாடுவோரும் குறி சொல்வோரும் வேடமிடுவோரும் அறுவடைக் காலத்தில் தானியம் பெறும் வழக்கமான உரிமை உடையவர்களாக இருந்தனர். ஊர் அவர்களை அறியும், இன்ன மாதத்தில் இன்னார் வருவார் என்பது வீட்டாருக்கும் தெரியும். அந்த ஏற்பாடு குலைந்து நகரத்துக்கு வந்தபின், அதே பாட்டும் அதே தொப்பியும் முன்பின் அறியாதவரின் கையேந்தலாகத் தோற்றம் மாறின.

கொங்கண மக்களின் ஹோலியில் ஹாலோவீனுக்கு மிக நெருங்கிய உறவுகள் இருக்கின்றன. ரத்னகிரி மாவட்டக் கிராமங்களில் ஷிம்கா எனப்படும் ஹோலிக் காலத்தில், கறுப்பு உடையும் உயரமான குல்லாயும் முகமூடியுமாகச் சங்காசுரன் என்னும் அசுர வேடக்காரர் ஆட்டக்குழுவோடு வீடு வீடாக வந்து ஆடிக் காசு பெறுகிறார். குழந்தைகள் அவரைக் கண்டு அலறுவதும் பின்னாலேயே ஓடுவதும் ஒரே மூச்சில் நடக்கும். மும்பைச் சால்களில் ஹோலித் தீக்கு விறகு சேர்க்கும் சிறுவர்கள் கேட்டு வாங்கியவையும் உண்டு, கேட்காமல் தூக்கியவையும் உண்டு. காவல் இல்லாத பழைய நாற்காலி தீயில் முடிந்த கதைகளுக்குப் பஞ்சமில்லை. போஸ்த் என்று கேட்டு வாங்கும் பண்டிகைக் காசும், ரயிலின் மீது எறியப்படும் தண்ணீர்ப் பலூனும் அதே வழக்கத்தின் இரு முகங்கள். இந்நகரத்தில் ஹாலோவீன் குறும்பைக் கண்டு புதிதாக அதிர்ச்சியடைய ஒன்றும் இல்லை.

தமிழர்கள் தம்முடன் கொண்டுவந்தவையும் குறைவல்ல. நவராத்திரியில் கொலு வைத்த வீட்டுப் பிள்ளைகள் கண்ணனாகவும் ராதையாகவும் வேடமிட்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சென்று அழைப்பதும், அழைக்கப்பட்ட வீட்டில் ஒரு பாட்டுப் பாடிய பிறகே சுண்டல் கையில் ஏறுவதும், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தலைமுறைகளாகப் பழகியவை; ஸ்காட்லாந்துப் பிள்ளைகளின் பாட்டுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. வீதிகளில் நாமசங்கீர்த்தனம் பாடிச் சென்று அன்றன்றைய தேவைக்கான அரிசியை மட்டும் ஏற்கும் உஞ்சவிருத்தி, பஜனை மரபினரால் இன்றும் ஒரு நோன்பாகப் போற்றப்படுகிறது. தாராவியின் பல குடும்பங்களுக்குப் பூர்வீகமான தென் மாவட்டங்களிலோ இவ்வழக்கம் பேருருக் கொள்கிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயிலின் தசரா விழாவுக்கு விரதமிருந்து காப்புக் கட்டிய பக்தர்கள், காளி, குறவன், குறத்தி, குரங்கு, கரடி, போலீஸ்காரர், பிச்சைக்காரர் எனத் தாம் நேர்ந்துகொண்ட வேடத்தில் தசராக் குழுக்களாக ஊர் ஊராகச் சென்று, வீட்டிலும் கடையிலும் பேருந்திலும் காணிக்கை வாங்கி, அதை விஜயதசமி இரவு சூரசம்ஹாரத்தை ஒட்டிக் கோயிலில் சேர்க்கின்றனர். கொடுக்கும் வசதியுள்ள ஒரு கடைக்காரரே பிச்சைக்காரர் வேடத்தில் கையேந்துவதுதான் இதன் உட்பொருள். கேட்கும் கை தாழ்ந்தது என்ற எண்ணத்தை ஆண்டுக்கொரு முறை தன் மீதே சோதித்துப் பார்க்கும் நோன்பு இது. கொடுப்பது ஒரு ரூபாயாக இருந்தாலும் அது அம்மனின் காணிக்கை, கொடுக்காவிட்டாலும் குழு அடுத்த கடைக்கு நகர்ந்துவிடும். மார்கழியில் தமிழ்த் திருச்சபைகளின் கேரல் குழுவினர் கிறிஸ்துமஸ் தாத்தாவோடும் மேளத்தோடும் சபையார் வீடுகளுக்கு நள்ளிரவில் செல்வதையும் இங்கே சேர்க்கலாம்; அவர்கள் முன்கூட்டிய பட்டியலின்படிதான் செல்கிறார்கள், ஆயினும் பட்டியலில் இல்லாத பக்கத்து வீட்டுக்காரரும் விழித்துக்கொள்கிறார்.

இத்தனை வழக்கங்களும் நீடித்ததற்கு ஒரு காரணம், மறுப்பதற்கென்று மெருகேறிய வாய்பாடுகள் இருந்ததே. மும்பையில் கொடுக்க இயலாதவர் சொல்வது “மாஃப் கரோ பாபா” என்பது. கேட்டவரிடம் கேட்கப்பட்டவர் மன்னிப்புக் கோருகிறார், இருவர் மானமும் தப்புகிறது. தமிழ் வீடுகளில் “கை வேலையா இருக்கேன், போயிட்டு வாங்க” என்பது போன்ற பேச்சுகள் அதே பணியைச் செய்தன. அரிசிப் பானை காலியானாலும் நிறைந்திருக்கிறது என்று சொல்லும் வழக்கமுள்ள வீட்டில் இல்லை என்ற சொல் வாசலில் எளிதாக எழாது. அதோடு விளக்கு வைத்தபின் காசு, உப்பு, தயிர், ஊசி முதலியவற்றை வீட்டிலிருந்து வெளியே கொடுக்கக்கூடாது என்ற மரபும் உண்டு. ஹாலோவீன் சரியாக அந்த விளக்கு வைக்கும் நேரத்தில், அதுவும் பேய்வேடத்தில் வாசற்படிக்கு வருவதால், மூத்தவர்களின் மனம் ஒப்பாமல் போவதில் வியப்பில்லை. 2024 இல் தமிழர்களின் தீபாவளியே அக்டோபர் 31 அன்று வந்தது; விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்து நரகாசுரனை ஒழித்த வீட்டில் மாலையில் ஓர் அசுரக் குட்டி மிட்டாய் கேட்டு நிற்பதைச் சிரித்து ஏற்றுக்கொள்ளவும் முடியும், முகம் சுளிக்கவும் முடியும்.

மறுக்கும் வழி அடைபட்டுப்போன வழக்கம் எதுவென்று மும்பைக்காரர்களைக் கேட்டால், ஹாலோவீனைச் சொல்பவர் எவரும் இருக்கமாட்டார், வர்கணியைத்தான் சொல்வார்கள். வர்கணி என்பது கணபதி விழாவுக்காக வீடுகளிலும் கடைகளிலும் திரட்டப்படும் நன்கொடை. 1893 இல் பால கங்காதர திலகர் பூனாவில் பொதுவிழாவாக வளர்த்தெடுத்த கணேசோத்சவம் அதே ஆண்டில் மும்பை கிர்காவின் கேசவ்ஜி நாயக் சாலிலும் தொடங்கியது. அந்த முறையில் பிள்ளையார் வீட்டுக்குள் இருந்து தெருவுக்கு வந்தார், அவருடைய செலவும் தெருவின் செலவாயிற்று. ஒவ்வொரு சந்திலும் விழாவை நடத்தும் மண்டல் என்னும் குழுவின் இளைஞர்கள் பாவ்தி புஸ்தகம் எனப்படும் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக வருவது அதிலிருந்து பிறந்த வழக்கம். பிள்ளையார் அந்தச் சந்தில்தான் அமர்வார், ஆரத்தியும் பிரசாதமும் கொடுத்தவர் கொடுக்காதவர் எல்லாருக்கும் உண்டு, ரசீதும் கையில் வருகிறது. ஆயினும், வாசுதேவரிடம் சொல்லும் மன்னிப்பை இந்த இளைஞர்களிடம் சொல்லிவிட்டு வாசலைச் சாத்த முடியாது. வாசுதேவர் போய்விடுவார், இவர்கள் நாளைக் காலையிலும் அதே தெருமுனையில் நிற்பார்கள். தொகையை முன்பே எழுதிக் கிழித்த ரசீதை நீட்டும் பழக்கம் வந்ததும், அது நன்கொடையின் எல்லையைத் தாண்டி வரியின் எல்லைக்குள் நுழைந்துவிடுகிறது.

தமிழர்களுக்கு இதில் இன்னொரு சுமையும் இருந்தது. 1966 ஜூன் 19 அன்று தொடங்கப்பட்ட சிவசேனை தன் முதல் ஆண்டுகளில் தென்னிந்தியர்களுக்கு எதிரான கிளர்ச்சியில் இறங்கி, அவர்களுடைய உணவகங்களும் கடைகளும் தாக்கப்பட்ட காலத்தில், வாசலுக்கு வந்த வர்கணிப் புத்தகத்தில் ஒரு தமிழ்க் கடைக்காரர் பெயர் எழுதிக்கொள்வது பக்தியால் மட்டும் நிகழ்ந்ததாகக் கருத முடியாது. தாமும் இந்தச் சந்தைச் சேர்ந்தவரே என்பதற்கு அந்த ரசீது ஓர் அத்தாட்சியாகவும் அமைந்தது. பின்னர் 1970 களிலும் 1980 களிலும், தாராவி, சயான், மாட்டுங்கா பகுதிகளில் செல்வாக்குப் பெற்றிருந்த நிழலுலகத் தலைவர் வரதராஜ முதலியார் மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு அருகில் நடத்திய ஆடம்பரமான கணபதிப் பந்தல் நகரமே வந்து பார்க்கும் காட்சியாக இருந்தது. ஏழைத் தமிழர் பலர் அவரைக் காவலராகப் போற்றினர் என்பதும், அப்படிப்பட்ட ஒருவரின் பெயரால் நன்கொடை கேட்கப்படும்போது எதிரே நிற்பவருக்கு மறுக்கும் துணிவு வராது என்பதும் ஒருசேர உண்மை. அவர் 1988 இல் சென்னையில் காலமானார்.

சட்டத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைகள் சட்டம், 1950 இன் 41சி பிரிவு சமய, அறப் பணிகளுக்காகப் பொதுமக்களிடம் பணம் திரட்டுவதை அறநிலைய ஆணையரின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருகிறது. கணபதி மண்டல்கள் ஆண்டுதோறும் அந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கின்றன. மிரட்டிப் பணம் பறிப்பது முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 383, 384 ஆம் பிரிவுகளின்படியும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 308 ஆம் பிரிவின்படியும் குற்றம். ஆனால் பக்கத்துச் சந்துப் பையனுக்கு எதிராகக் காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு அதே சந்தில் குடியிருக்கத் துணிபவர் எத்தனை பேர் என்பதைச் சட்டப் புத்தகம் கணக்கில் எடுப்பதில்லை.

திருநங்கையரின் வருகை இவை எல்லாவற்றையும்விடச் சிக்கலானது. குழந்தை பிறந்த வீட்டிலும் திருமண வீட்டிலும் ஆடிப்பாடி வாழ்த்தி வெகுமதி பெறும் பதாயி என்னும் உரிமை, வட இந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் ஹிஜ்ரா எனப்படும் திருநங்கையர் சமூகத்துக்கு நெடுங்காலமாக உரியது. தீபாவளியில் கடைகளைச் சுற்றி வருவதும் அதன் தொடர்ச்சி. குரு, சேலா (சீடர்) என்னும் உறவில் அமைந்த அவர்களுடைய குழுக்கள் வட்டாரங்களைத் தமக்குள் பிரித்துக்கொண்டுள்ளன. வாழ்த்து பலிக்கும் என்று நம்புபவர் சாபமும் பலிக்கும் என்று அஞ்சுவதால், இங்கே மறுப்பதற்கான பணிவான வாய்பாடு எதுவும் வளரவில்லை. பேரம் மட்டுமே வளர்ந்தது. வீட்டார் கேட்ட தொகையைக் கண்டு மலைக்கிறார், வந்தவரோ கொடுக்காமல் துரத்தப்படுவதைத் தம் வாழ்நாள் அவமதிப்புகளின் தொடர்ச்சியாகவே காண்கிறார். குடியிருப்போர் சங்கங்களின் புகார்களில் உண்மை இருக்கிறது. அதே சமயம், வேலையும் வாடகை வீடும் தர மறுத்த நகரம், அவர்களிடம் எஞ்சியிருந்த இந்த ஒரு வாசலையும் தொல்லை என்று சொல்வதில் உள்ள முரணும் மறைக்கக்கூடியதன்று. மூன்றாம் பாலினத்தாரின் உரிமைகளை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று ஏற்றுத் தீர்ப்பளித்த பின்னர் வரையப்பட்ட சட்ட முன்வரைவில், திருநர் ஒருவரைப் பிச்சை எடுக்கத் தூண்டுவது குற்றமாக்கப்பட்டிருந்தது. தங்கள் மரபு வாழ்வையே அது குற்றமாக்கும் என்று அச்சமூகத்தினர் எதிர்த்ததால், 2019 இல் நிறைவேறிய சட்டத்தில் அந்தப் பகுதி இடம்பெறவில்லை.

பிச்சையைப் பற்றிய தனிச் சட்டமோ இன்னும் கடுமையானது. பம்பாய்ப் பிச்சை தடுப்புச் சட்டம், 1959, பிச்சை என்பதற்குத் தரும் விளக்கத்தில், பாடுதல், ஆடுதல், குறி சொல்லுதல், வித்தை காட்டுதல் ஆகியவற்றின் பெயரால் பொது இடத்தில் கேட்பதும் அடங்கும். பிச்சை கேட்பதற்காகத் தனியார் இடத்துக்குள் நுழைவதும் அடங்கும். வாசுதேவரும் நந்திக்காரரும் போத்ராஜும் ஒருவர் விடாமல் இந்த வரையறைக்குள் வந்துவிடுகின்றனர். முதன்முறை குற்றம் உறுதியானால் ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரையிலும், மறுமுறைகளில் பத்தாண்டு வரையிலும் அரசு இல்லங்களில் அடைத்துவைக்க அது வழிசெய்கிறது. அத்தகைய இல்லம் ஒன்று சுனாபட்டிக்கு அடுத்த செம்பூரிலேயே இருக்கிறது. டெல்லிக்கு விரிவாக்கப்பட்டிருந்த இதே சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அரசமைப்புக்கு முரணானவை என்று செல்லாததாக்கியது. உரிய அனுமதியோடு திரட்டப்படும் பணத்துக்கு மட்டும் இச்சட்டம் விலக்களிப்பதால், மறுக்கவே முடியாத வர்கணி சட்டத்துக்கு உட்பட்டதாகவும், மன்னிப்புக் கேட்டு எளிதாக அனுப்பிவிடக்கூடிய வாசுதேவரின் பாட்டு குற்றமாகவும் நிற்கின்றன. பேய்வேடமிட்ட பிள்ளைக்கு இரண்டும் பொருந்துவதில்லை; அது விளையாட்டு.

குடிசைப் பகுதிகளையும் பழைய கட்டடங்களையும் இடித்து உயரக் கட்டடங்களாக்கும் பணி 1995 இல் குடிசை மாற்று ஆணையம் ஏற்பட்ட பிறகு மும்பையில் விரைவுபட்டபோது, திறந்த தாழ்வாரம் மறைந்து, மூடிய கதவும் மின்தூக்கியும் அவற்றுக்கு முன்னால் ஒரு வாட்ச்மேனும் வந்தனர். விற்பனையாளர்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகை வாயிலில் தொங்குகிறது. கடன் அட்டை விற்பவரும் மத நூல் கொடுப்பவரும் பாடி வருபவரும் ஒரே பலகையால் தடுக்கப்படுகின்றனர். வசதியான சொசைட்டிகளில் வருபவரின் பெயரும் படமும் கைபேசிச் செயலியில் தோன்ற, வீட்டார் ஏற்கவோ மறுக்கவோ ஒரு பொத்தானை அழுத்துகிறார். மன்னிப்புக் கேட்க வேண்டிய முகம் எதிரே இல்லாததால் மறுப்பு முன்னெப்போதையும்விட எளிதாகிவிட்டது. ஹாலோவீன் இந்த அமைப்புக்குள் பொருந்திப் போவதற்கும் இதுவே காரணம்: வாட்ஸ்அப் குழுவில் விருப்பமுள்ள வீடுகள் தம் எண்ணைப் பதிந்துகொள்கின்றன, பிள்ளைகள் அந்த வீடுகளுக்கு மட்டும் அனுப்பப்படுகின்றனர், அமெரிக்க வாசல் விளக்கின் வேலையை ஒரு பட்டியல் செய்கிறது. மிட்டாய் கொடுக்கும் பிள்ளையும் வாங்கும் பிள்ளையும் ஒரே கட்டடத்தைச் சேர்ந்தவர்கள், வெளியாள் எவரும் வாயிலைக் கடப்பதில்லை. பாட்டும் வேண்டுதலும் இல்லாமல், அறிந்தவர்கள் அறிந்தவர்களுக்கே கொடுத்து வாங்கும் இந்த ஏற்பாட்டில் தொல்லை குறைவு, கொடை அதைவிடக் குறைவு.

வர்கணியும் அதே குழுவுக்குள் வந்துவிட்டது. ரசீதுப் புத்தகத்துக்குப் பதில் கியூஆர் குறியீடு அனுப்பப்படுகிறது. அதை வரவேற்றவர்கள், இனி வாசலில் நாலு பேர் வந்து நிற்கமாட்டார்கள், விருப்பமிருந்தால் செலுத்தலாம், இல்லாவிட்டால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம் என்று எண்ணினர். செலுத்தியவர்களின் பெயரும் வீட்டு எண்ணும் தொகையும் நாள்தோறும் குழுவில் வெளியிடப்படும் இடங்களில் அந்த எண்ணம் பலிக்கவில்லை. கொடுத்தவர்களின் பட்டியல் நீள நீள, அதில் இல்லாத வீட்டு எண் எது என்பது மண்டல் இளைஞர்களுக்கு மட்டுமின்றி அத்தனை மாடிகளுக்கும் தெரிந்துவிடுகிறது.